சிதைவின் ஆதாயம்: பழைய நகரக் கட்டடங்களும் உரிமையாளர் பொறுப்பும்

சென்னையில் அண்ணா சாலையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் சந்திக்கும் முனையில் உள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடம், டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வணிகருக்காக 1897-இல் கட்டப்பட்டது. வடிவமைத்தவர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். கோபுரங்களும் வளைவுகளும் கொண்ட அந்த இந்தோ-சாரசெனிக் மாளிகையை அன்று கார்டைல் கட்டடம் என்று அழைத்தார்கள். லாகூரில் தோன்றிய பாரத் காப்பீட்டு நிறுவனம் 1934-இல் அதை வாங்கியது. 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனபோது அது எல்.ஐ.சி.யின் கைக்கு வந்தது. 1990களின் இறுதியில் பாதுகாப்பற்றது என்ற பெயரில் குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். 2006-இல் இடிப்பு தொடங்கியது. மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றம் சென்று தடை பெற்றது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

சென்னையின் மரபுக் கட்டடப் பாதுகாப்பு வரலாற்றில் அந்தத் தீர்ப்பு ஒரு திருப்பம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) மரபுப் பாதுகாப்புக் குழு அதன் தொடர்ச்சியாகவே அமைந்தது. ஆனாலும் இடிப்பைத் தடுத்த தீர்ப்பால் பழுதுபார்ப்பைத் தொடங்கவைக்க முடியவில்லை. அதற்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் அந்தக் கட்டடம் பூட்டியபடி, செடி முளைத்து, மழையில் நனைந்துகொண்டே நின்றது. சம்மட்டியை நிறுத்த ஓர் ஆணை போதும். சிதைவை நிறுத்த எந்த ஆணையைப் பிறப்பிப்பது, யார் மீது பிறப்பிப்பது, மீறினால் என்ன செய்வது என்பதற்கு நம் சட்டத்தில் தெளிவான விடை இல்லை.

இக்கட்டுரையின் வாதம் இந்த இடைவெளியைப் பற்றியது. நம் சட்டங்கள் இடிப்பை ஒரு செயலாகக் காண்கின்றன; கவனிக்காமல் விடுவதைச் செயலாகவே காண்பதில்லை. அதனால் பொறுமையுள்ள உரிமையாளருக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. அவர் எதையும் இடிக்க வேண்டியதில்லை, எந்த அனுமதியும் கேட்க வேண்டியதில்லை. காத்திருந்தால் போதும்; கட்டடம் தானே விழும் நிலைக்கு வரும், அப்போது அதை இடிக்கச் சொல்லி அரசே அறிவிக்கை அனுப்பும். இந்தக் காத்திருப்பால் கிடைக்கும் ஆதாயத்தை அகற்றாதவரை, எத்தனை கட்டடங்களைப் பட்டியலில் சேர்த்தாலும் பயன் குறைவே.

கவனிப்பின்மை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கட்டுமானத்தின் வழியாகவே புரிந்துகொள்ள வேண்டும். ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு, தம்பு செட்டித் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு ஆகியவற்றின் பழைய வீடுகளுக்கு மேல்தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவசமாகச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிணைப்பார்கள். அதற்கு மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து இறுக்கிய படுகை, அதன்மேல் தட்டோடு. நூறு ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கும் அமைப்பு இது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: தண்ணீர் தேங்கக் கூடாது. சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. வடிகுழாய் வாயில் சருகு அடைத்தால் மொட்டைமாடி குளமாகும். தட்டோட்டின் இடுக்கில் ஓர் அரசங்கன்று வேர்விடும். சுவருக்குள் செருகியிருக்கும் கட்டை முனையில் ஓதம் ஏறும். தேக்கு நடுவில் உறுதியாக இருக்கும். காற்றோட்டமில்லாத அந்த முனைதான் முதலில் இற்றுப்போகும். முனை இற்றால் கட்டை இறங்கும், கட்டை இறங்கினால் தளம் விரியும், விரிந்த தளம் இன்னும் தண்ணீரை உள்ளே விடும். அதன் பிறகு யாராவது சிமென்ட் பூசி மூடினால் நிலைமை மோசமாகும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டு உலரும் தன்மை உடையது. சிமென்ட் பூச்சு அந்த ஈரத்தைச் சுவருக்குள்ளேயே அடைத்துவிடும்.

இந்தத் தொடரில் முதல் கண்ணியை அறுக்கும் செலவு ஓர் ஆளின் ஒருநாள் கூலி: மழைக்கு முன் வடிகுழாயைச் சுத்தம் செய்து, செடியை வேரோடு களைவது. பத்து மழைக்காலம் கழித்து அதே இடத்தைச் சரிசெய்யத் தளத்தையே பிரித்துக் கட்ட வேண்டிவரும். ஆகவே சிதைவு என்பது முதுமை அன்று. ஒவ்வோர் ஆண்டும், மழைக்கு முன், எடுக்கப்படும் ஒரு முடிவு அது. அந்த முடிவுக்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார் என்பதிலிருந்துதான் பொறுப்பைப் பற்றிய பேச்சு தொடங்க முடியும்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்தின் 258-ஆம் பிரிவு, பாழடைந்து ஆபத்தாக உள்ள கட்டடத்தை வேலியிடவோ, தாங்குகொடுக்கவோ, பழுதுபார்க்கவோ, இறக்கிவிடவோ உத்தரவிட ஆணையருக்கு அதிகாரம் தந்தது. அதன் நோக்கம் வழிப்போக்கரின் உயிர். கட்டடத்தின் உயிர் அன்று. ஆபத்தை நீக்க எளிய வழி இடிப்பதே என்பதால் நடைமுறையில் அறிவிக்கை இடிப்பில் போய் முடிந்தது. தொல்லியல் சட்டங்களோ, 1958-இன் மத்தியச் சட்டமும் 1966-இன் தமிழ்நாட்டுச் சட்டமும், கோயில், கோட்டை, கல்வெட்டு போன்ற நினைவுச்சின்னங்களை மனத்தில் கொண்டவை. மக்கள் புழங்கும் கடைத்தெருவும் குடியிருப்பும் அவற்றின் பார்வைக்கு எட்டவில்லை.

உண்மையில் இந்தத் தெருக்களின் விதியை எழுதியது வேறொரு சட்டம்: 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். மரபுக் கட்டடம் பற்றிய ஆய்வுகள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அது பெரிய குறை. இச்சட்டத்தின் 14-ஆம் பிரிவு, குடியிருப்பவரை வெளியேற்ற இரண்டு காரணங்களை அருகருகே வைத்தது. பழுதுபார்க்க என்று காலி செய்யவைத்தால், பணி முடிந்ததும் அதே வாடகைதாரருக்கு இடத்தைத் திரும்பத் தருவதாக உரிமையாளர் உறுதிமொழி தர வேண்டும். இடித்துப் புதிதாகக் கட்ட என்று காலி செய்யவைத்தால், ஒரு மாதத்துக்குள் இடிப்பைத் தொடங்குவதாக உறுதிமொழி தந்தால் போதும். பழைய வாடகைதாரர் திரும்பி வர வழியில்லை. புதிதாகக் கட்டியதற்கோ, 30-ஆம் பிரிவின்படி, சில ஆண்டுகள் வாடகைக் கட்டுப்பாடே கிடையாது. பழுதுபார்த்தால் பழைய வாடகைதாரர் திரும்புவார். இடித்தால் மனை முழுதும் கைக்கு வரும். இப்படி ஒரு தராசை அரசே தூக்கிப் பிடித்தால் உரிமையாளர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பிரிவைப் பற்றிய முன்னணி வழக்கு அண்ணா சாலையின் இன்னொரு புகழ்பெற்ற கட்டடத்திலிருந்தே எழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. கடிகார வணிகத்துக்குப் பெயர்பெற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ், நில உரிமையாளரான அசோசியேட்டட் பப்ளிஷர்ஸ் நிறுவனத்துடன் நடத்திய அந்த வழக்கில், உரிமையாளரின் விருப்பம் மட்டும் போதாது, கட்டடம் உடனடியாக இடிக்கப்பட வேண்டிய நிலையில் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. வாடகைதாரருக்கு அது வெற்றி. ஆனால் அந்த அளவுகோலின் மறுபக்கத்தைப் பாருங்கள். கட்டடம் உறுதியாக இருந்தால் மனு தோற்கும். பாழாக இருந்தால் மனு வெல்லும். நேர்மையான உரிமையாளரைக் கட்டுப்படுத்திய விதியே நேர்மையற்றவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது. 1996-இல் விஜய் சிங் எதிர் விஜயலட்சுமி அம்மாள் வழக்கில் நீதிமன்றம் இதைத் தளர்த்தி, உரிமையாளரின் நல்லெண்ணம், கட்டடத்தின் வயதும் நிலையும், உரிமையாளரின் பொருள்வசதி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. அப்போதும் கட்டடம் அந்த நிலைக்கு வந்தது யாரால் என்ற கேள்வி அளவுகோல்களில் இடம்பெறவில்லை. என் பார்வையில் விடுபட்ட முதன்மையான கேள்வி அதுதான்.

இன்னொரு திசையில் நீதிமன்றங்கள் சரியாகவே நகர்ந்திருக்கின்றன. கட்டடம் விழுந்துவிட்டால் வாடகை உரிமையும் அதோடு அழியும் என்று முன்பு உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 2014-இல் ஷா ரத்தன்சி கிம்ஜி வழக்கில் அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டு, கட்டடம் போனாலும் மனையின் மீதான குத்தகை உரிமை தொடரும் என்று தீர்ப்பளித்தது. வாடகைதாரரைப் பற்றிய தீர்ப்பு என்றே அது படிக்கப்படுகிறது. சிதைவுக்குக் கிடைத்துவந்த பரிசுகளில் ஒன்றை அது பறித்தது என்பதால் மரபுப் பாதுகாப்பில் அக்கறை உள்ளவர்களும் அதைப் படிக்க வேண்டும்.

1960-இன் சட்டம் இன்று இல்லை. 2017-இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர்–வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து அதன் இடத்தைப் பிடித்தது. வாடகைதாரரை அகற்ற வேண்டிய நெருக்கடி அதனால் தணிந்திருக்கலாம். ஆனால் அதே 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தின. ஒரு மனையில் கட்டக்கூடிய பரப்பு கூடக்கூட, அதன்மேல் நிற்கும் இரண்டடுக்குப் பழைய வீடு உரிமையாளரின் கணக்கில் நட்டமாகவே தெரியும். தூண்டுதல் இடம் மாறியதே ஒழிய மறையவில்லை.

உரிமையாளர் என்று ஒருமையில் சொல்லிக்கொண்டே போவதும் நியாயமன்று. ஜார்ஜ் டவுனில் ஒரு வீட்டுக்கு மூன்று தலைமுறைப் பங்காளிகள் உரிமை கொண்டாடுவது சாதாரணம். ஒருவர் வீட்டில் இருப்பார், ஒருவர் வெளிநாட்டில் இருப்பார், இருவர் பாகப்பிரிவினை வழக்கில் எதிரெதிராக நிற்பார்கள். கூரை ஒழுகினால் யார் காசு போடுவது என்பதில் உடன்பாடு வராது. போட்டவர் அதைத் திரும்பப் பெற வழியும் இல்லை. பழைய வாடகையோ பல இடங்களில் வீட்டு வரிக்கும் காணாது. நியாய வாடகை கேட்டு மனுப் போட 1960-இன் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் மனு, மேல்முறையீடு, சீராய்வு என்று அது நீண்ட காலத்தில் தளம் இறங்கியிருக்கும். இப்படிப்பட்ட குடும்பத்தின் மீது அபராதம் விதிப்பது கொடுமை. விற்றுவிடு என்று அவர்களைத் தள்ளுவதாகவே அது முடியும்; வாங்குபவர் இடிக்கத்தான் வாங்குவார்.

எனவே இயலாமையையும் விருப்பமின்மையையும் பிரித்தறிவதே பொறுப்புக் கோட்பாட்டின் முதுகெலும்பு. பிரிப்பது கடினம் என்பார்கள். ஓரளவுக்குத்தான் கடினம். பழுதுபார்க்க உதவித்தொகையும் பொறியாளர் ஆலோசனையும் முதலில் முன்வைக்கப்பட்டால், ஏற்பவர் யார், மறுப்பவர் யார் என்பது தானே தெரிந்துவிடும். உதவியை மறுத்துவிட்டுச் சிதைவை மட்டும் தொடரும் உரிமையாளரின் நோக்கத்தை ஊகிக்க வேறு சான்று தேவையில்லை.

பிற நாடுகளின் அனுபவத்தில் எடுத்துக்கொள்ளத்தக்கவை உண்டு. இங்கிலாந்தின் 1990-ஆம் ஆண்டு மரபுக் கட்டடத் திட்டச் சட்டம் படிப்படியாக நகர்கிறது. 54-ஆம் பிரிவின்படி உள்ளாட்சியே அவசரப் பணிகளைச் செய்து, 55-ஆம் பிரிவின்படி செலவை உரிமையாளரிடம் வசூலிக்கலாம். முழுப் பழுதுபார்ப்புக்கு 48-ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கை. அதற்கும் அசையாவிட்டால் 47-ஆம் பிரிவின் கீழ் கட்டாயக் கையகப்படுத்தல். இவற்றையெல்லாம்விட முக்கியமானது 50-ஆம் பிரிவு. இடித்து மனையை மேம்படுத்தும் எண்ணத்தோடு வேண்டுமென்றே பாழாகவிடப்பட்ட கட்டடம் என்று நிறுவப்பட்டால், இழப்பீட்டைக் கணக்கிடும்போது அந்த மனையில் புதிய கட்டுமானத்துக்கு அனுமதி கிடைக்காது என்றே கொள்ள வேண்டும். அதாவது எந்த ஆதாயத்தை நாடி உரிமையாளர் காத்திருந்தாரோ, அதையே இழப்பீட்டுக் கணக்கிலிருந்து சட்டம் நீக்கிவிடுகிறது. அபராதத்தைவிட இது நுட்பமானது. அபராதத்தை ஒரு செலவாக எழுதிக்கொள்ள முடியும். காத்திருப்பின் காரணமே அழிந்துபோனால் எழுதிக்கொள்ள எதுவும் இல்லை.

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸின் பிரெஞ்சுக் குடியிருப்பை 1930களிலிருந்தே ஓர் ஆணையம் காத்துவருகிறது. அங்குள்ள கட்டடங்களை நல்ல நிலையில் பேண வேண்டும் என்ற கடமையை ஓர் உரிமையாளர் எதிர்த்தபோது, 1975-இல் மாஹர் வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கடமை அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்றது. இடிப்பைத் தடுப்பது முறையான நோக்கம் என்றால், அதே முடிவுக்குக் கொண்டுசெல்லும் கவனிப்பின்மையைத் தடுப்பதும் முறையானதே என்ற தருக்கம் நமக்கும் பொருந்தும்.

நமக்கு அருகிலேயே மும்பை இருக்கிறது. 1969-இன் சட்டத்தின் வழியே தீவுநகரின் பழைய வாடகைக் கட்டடங்களுக்குப் பழுதுபார்ப்புத் தீர்வை விதித்து, ஒரு வாரியமே அவற்றைச் சரிசெய்யும் முறை அங்கு உருவானது. திரட்டிய நிதி தேவைக்கு எட்டவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கட்டடம் விழுந்த செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. 1860களில் வார்ப்பிரும்புச் சட்டகத்தில் எழுப்பிய வாட்சன் ஓட்டல், 1896-இல் லூமியேர் சகோதரர்களின் படங்கள் இந்தியாவில் முதன்முறை காட்டப்பட்ட இடம், எஸ்பிளனேட் மேன்ஷன் என்ற பெயரில் உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் வாரியத்துக்கும் நடுவே சிதைந்தது. 2005-இல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 2019-இல் காலி செய்யப்பட்டது. ஓர் ஆய்வறிக்கை இடிக்கச் சொன்னது. வேறு வல்லுநர்கள் சீரமைக்க முடியும் என்றார்கள். பொதுநிதி இருந்தாலும், இறுதிப் பொறுப்பு யாருடையது என்று வரையறுக்காவிட்டால் இதுதான் நடக்கும். அறிக்கை தருபவரை உரிமையாளரே தேர்ந்தெடுக்கும் வழக்கத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்டடத்தின் நிலையைச் சொல்லும் பொறியாளர், அது விழுந்தால் லாபம் அடைபவரிடம் ஊதியம் பெறக் கூடாது. சுண்ணாம்புக் கட்டுமானம் தெரிந்தவராகவும் அவர் இருக்க வேண்டும். கான்கிரீட்டின் அளவுகோலைக் கொண்டு மெட்ராஸ் டெரஸை அளந்தால் எல்லாமே தகுதியற்றதாகத்தான் தெரியும்.

சென்னைக்கு என்ன தேவை என்பது இதிலிருந்து தெளிவாகிறது. விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்கில் நீதிபதி ஈ. பத்மநாபன் குழு 467 கட்டடங்களைப் பட்டியலிட்டது. மரபுப் பாதுகாப்புக் குழு உண்டு. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டு, நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. பட்டியல் என்பது உரிமையாளரின் கையைக் கட்டுகிறது, ஆனால் எதையும் செய்யச் சொல்வதில்லை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு கட்டடத்துக்கும் குறைந்தபட்சப் பராமரிப்புக் கடமையை விதியாக எழுத வேண்டும்: கூரை ஒழுகாமை, வடிகால், செடி அகற்றல், கதவு சன்னல் அடைப்பு, மின்கம்பிப் பாதுகாப்பு. அழகூட்டல் தேவையில்லை, கட்டடம் அடுத்த மழையைத் தாண்டினால் போதும். அதைச் செய்யாதபோது மாநகராட்சி செய்து, செலவைச் சொத்துவரி நிலுவை போல் சொத்தின் மீதே பொறுப்பாக ஏற்ற வேண்டும். பங்காளிச் சண்டை நடக்கும் வீடுகளுக்கு இதுவே நியாயமான வழி. எந்தப் பங்காளியும் முன்வர வேண்டியதில்லை, பாகம் பிரிக்கும்போதோ விற்கும்போதோ செலவு தானே கழியும். வேண்டுமென்றே பாழாகவிட்டு விழுந்த கட்டடத்தின் மனையில், விழுந்த கட்டடத்தின் பரப்புக்கும் உயரத்துக்கும் மேல் கட்ட அனுமதி கூடாது. இந்த ஒரு விதி இருந்தால் பல வீடுகளில் வடிகுழாய் தானாகவே சுத்தமாகும். மறுபுறம், காத்துவைப்பவர் கட்ட முடியாத பரப்பை வேறிடத்தில் விற்கும் உரிமையை, மும்பையின் மரபு விதிகள் தந்ததுபோல், இங்கும் தடையின்றித் தர வேண்டும்.

சொத்துரிமை என்ற மறுப்பு எழும். அரசியலமைப்பின் 300ஏ பிரிவு சட்டத்தின் அதிகாரமின்றிச் சொத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது. சட்டப்படி ஒரு கடமையை விதிப்பதை அது தடுக்கவில்லை. தீயணைப்பு, கழிவுநீர், மழைநீர் சேகரிப்பு எல்லாம் உரிமையாளரின் செலவில் நாம் விதித்துள்ள கடமைகளே. 2003-இல் தமிழ்நாடு ஒவ்வொரு வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, சொந்த வீட்டில் குழி தோண்டச் சொல்ல அரசு யார் என்ற கேள்வி நிற்கவில்லை; நிலத்தடி நீர் எல்லோருக்கும் பொது என்பதால் நிற்கவில்லை. தெருவின் முகமும் அப்படிப் பொதுவானதே. 1915-இல் அன்னி பெசன்ட் அம்மையார் ஆர்மீனியன் தெருவில் எழுப்பிய கோகலே மண்டபம் தன்னாட்சி இயக்கத்தின் மேடையாக இருந்தது. அதை இடிக்கத் தொடங்கி, நீதிமன்றம் தடுத்து, பாதி இடிபட்ட கூடாக அது நின்ற ஆண்டுகளில் இழந்தவர்கள் அதன் அறங்காவலர்கள் மட்டும் அல்லர்.

இங்கே ஒரு சங்கடமான உண்மையைச் சொல்லியாக வேண்டும். நான் எடுத்த முதல் எடுத்துக்காட்டின் உரிமையாளர் ஒரு பொதுத்துறை நிறுவனம். புதுச்சேரிக் கடற்கரையில் 1870களின் தொடக்கத்தில் எழுந்த மேரி கட்டடம், அரசின் கையிலேயே இருந்தும் பழுதுபார்க்கப்படாமல் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் உலக வங்கி நிதியுதவியுடன் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். முகப்பு திரும்பியது, சுவர்களுக்குள் இருந்த ஒன்றரை நூற்றாண்டுக் கைவேலை திரும்பவில்லை. பொது நிறுவனங்களுக்குப் பங்காளிச் சண்டை இல்லை, வாடகை போதாது என்ற முறையீடும் இல்லை. பொறியாளர்கள் அவர்களின் ஊதியப் பட்டியலிலேயே இருக்கிறார்கள். இயலாமை என்ற சமாதானம் அவர்களுக்கு மிகக் குறைவாகவே பொருந்தும். ஆனால் அரசு தன் மீதே அறிவிக்கை அனுப்பிக்கொள்ளாது. அதனால் பொது உரிமையாளர்களுக்கான வழி வேறாக இருக்க வேண்டும்: தம் கையிலுள்ள மரபுக் கட்டடங்களின் நிலை அறிக்கையை ஆண்டுதோறும் மழைக்கு முன் வெளியிடும் கடமை, அதில் சொன்ன பணி நடந்ததா என்று தணிக்கைத் துறை பார்க்கும் ஏற்பாடு, நடக்காதபோது எந்தக் குடிமகனும் மரபு ஆணையத்திடம் முறையிடும் உரிமை. பவழக்காரத் தெருவின் ஒரு விதவைத் தாய்க்குப் பராமரிப்பு அறிவிக்கை அனுப்பும் முன், அண்ணா சாலையின் பொதுக் கட்டடங்களுக்கு அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.